டோஃபு டாக்கோ: குற்றம் டோஃபுவிலா, ரொட்டியிலா?

கேள்வி (கோவில்பட்டிப் பக்கத்து வாசகி)

போன வாரம் வீட்டில் டோஃபு (சோயாப் பாலில் செய்யும் பன்னீர் மாதிரி) வைத்து டாக்கோ (மெக்சிகோக்காரர்களின் மடித்த ரொட்டி) செய்தேன். டோஃபுவைச் சதுரமாக நறுக்கி, மிளகாய்ப்பொடி, கரம் மசாலா, எண்ணெய், உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, வதக்கிச் சப்பாத்தியில் வைத்து மடித்தேன். நனைந்த ரப்பரைக் கடித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் டோஃபுவை ஒதுக்கிவிட்டுச் சப்பாத்தியை மட்டும் தின்றார்கள். சைவ டாக்கோ என்றால் பன்னீர்தான், டோஃபு நம் வாய்க்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 9, 2025, காலை

மறுக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு டோஃபு வந்ததே வேறு வழியில்லாமல்தான். இளைய மகளுக்குப் பால் சேராது. பன்னீர் இரண்டு துண்டு உள்ளே போனால் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு சைவம், முட்டையும் கிடையாது. அதனால் பாளையங்கோட்டைக் கடைகளில் பன்னீருக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் அந்த வெள்ளைப் பொட்டலத்துக்கு நான் நிரந்தர வாடிக்கை.

உங்கள் செய்முறையில் எண்ணெய்தான் முதல் வில்லன். டோஃபுவில் பெரும்பங்கு தண்ணீர். எண்ணெய் அதற்குள் இறங்காது. மேலே படர்ந்து நின்று மசாலாவையும் உள்ளே விடாது. உப்பும் புளிப்பும் தண்ணீரில் கரைந்து போனால்தான் கொஞ்சமாவது சாரும். அடுத்தது அந்தச் சதுரம். சதுரம் பட்டர் மசாலாவுக்குச் சரி. டாக்கோவுக்கு உதிர்க்க வேண்டும். கத்தி வேண்டாம், கையாலேயே கோணல்மாணலாகப் பிய்த்துப் போடுங்கள். அந்த ஓரங்கள்தான் கல்லில் பட்டு முறுகும்.

நான் செய்வது: துணியில் சுற்றி மேலே அம்மிக் குழவியை அரை மணி நேரம் வைப்பேன். தண்ணீர் இறங்கியதும் பிய்த்து, இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, மசாலா எதுவும் இல்லாமல் உப்போடு மட்டும் முறுக விடுவேன். ஓரம் சிவந்த பிறகுதான் மிளகாய் விழுது. முதலிலேயே விழுதைப் போட்டால் மிளகாய் கருகும், டோஃபு வேகவைத்த மாதிரியே கிடக்கும்.

விழுது: குண்டு வத்தலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகம், ஒரே ஒரு கிராம்பு, உப்பு, கொஞ்சம் வினிகர் சேர்த்து அரைப்பது. கரம் மசாலா டப்பாவை அன்றைக்கு மட்டும் மூடியே வையுங்கள்.

அதே நாள், மதியம்

மீல் மேக்கர் போட்டால் போதாதா என்று ஒருவர். போதும். ஆனால் அது வேறு பண்டம். சோயாவில் எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவை அழுத்தி ஊதிச் செய்வது அது. டோஃபு சோயாப் பாலைத் திரித்துக் கட்டுவது. மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கொத்துக்கறிப் பதம் வரும். மூத்தவனுக்கு அதுதான் பிடிக்கும். அவன் கட்சி வேறு.

பிப்ரவரி 10

ஒரு குறுக்கு வழி விட்டுப்போயிற்று. பொட்டலத்தை அப்படியே ஃப்ரீசரில் ஒரு ராத்திரி போடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து, டோஃபு முழுக்கக் கண்கண்ணாகத் துளை போட்டுவிடும். மறுநாள் உருகவிட்டுப் பிழிந்தால் தண்ணீர் சரசரவென்று வந்துவிடும். குழவிக்கு வேலை இல்லை. நிறம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். விழுதை இழுத்துக்கொள்வதில் இதற்கு ஈடு இல்லை. நேற்றுச் சொன்ன முறுகல் இதில் அவ்வளவு வராது. முறுகல் வேண்டுமானால் குழவி, காரம் உள்ளே இறங்க வேண்டுமானால் ஃப்ரீசர்.

பிப்ரவரி 12, இரவு

டோஃபு பற்றி இத்தனை பேசியாயிற்று. உண்மையில் உங்கள் டாக்கோவைக் கெடுத்தது சப்பாத்தி.

டாக்கோ என்பது மடித்த ரொட்டிக்குள் எதையாவது வைப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெக்சிகோவில் உள்ளே வைப்பது ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும்: உருளைக்கிழங்கு, பூசணிப் பூ, காளான், பயறு. மாறாமல் இருப்பது வெளியே இருக்கும் மக்காச்சோள ரொட்டி. அதற்கென்று ஒரு மணம் உண்டு. சொல்லி விளங்கவைக்க முடியாது, ஆனால் அது இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். அந்த மணம் மக்காச்சோளத்தால் மட்டும் வருவதில்லை, சுண்ணாம்பால் வருவது.

ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. மக்காச்சோள மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவி, பிறகு அரைக்கிறார்கள். நடு அமெரிக்காவில் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவுக்கு ஒட்டும் குணத்தைக் கொடுக்கிறது. வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டிப் பாருங்கள், விளிம்பெல்லாம் வெடிக்கும். சுண்ணாம்பில் வெந்த மாவு சொன்னபடி வளையும்.

இன்னொரு வேலையும் செய்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பியர்கள் மணியை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் தின்ற வட இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய்: தோல் உரிந்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதை. தொற்றுநோய் என்று பலர் சாதித்துக்கொண்டிருந்தபோது, இது சாப்பாட்டுக் குறை என்று 1914-லிருந்து சோதனை செய்து காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். சுண்ணாம்பு போட்டு அவித்துத் தின்ற மெக்சிகோக்காரர்களை அந்த நோய் பெரிதாக அண்டவில்லை.

டாக்கோவில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். நாளைக்கு மீதி.

பிப்ரவரி 13

மீதிக்கு முன்னால் அவசரமாக இரண்டு எச்சரிக்கை. கோவில்பட்டி அக்கா சுண்ணாம்பை அலுமினியச் சட்டியில் கரைத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். உடனே கொட்டுங்கள். சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அப்புறம், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெற்றிலைக் கடையில் கிடைக்கும் நீற்றிய வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனையும் நிறமும் சேர்க்காதது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

மக்காச்சோளத்துக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. என் மச்சான் குருவிகுளம் பக்கம் கரிசலில் போடுகிறார். ஐப்பசி மழையை நம்பி விதைத்தது தை, மாசியில் களத்துக்கு வரும். அத்தனையும் லாரியேறிக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. விளைவிக்கிறவர் வீட்டில் ஒரு பிடி உலையில் விழுவதில்லை. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்துச் செலவு வேறு. "ரொட்டிக்குக் கேட்ட மொத ஆளு நீங்கதான் அத்தான்" என்று சொல்லி ஒரு சாக்கில் பாதி கட்டிக் கொடுத்தார்.

ஒரு கிலோ மணிக்கு 10 கிராம் காய்ந்த சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும் என்பதால் ஒரு மேசைக்கரண்டி தாராளமாக வைத்தேன். தண்ணீரில் கரைத்ததும் மணி பளிச்சென்று மஞ்சள் ஏறுகிறது. நம்மூர் ரகம் கட்டி. ஒரு மணி நேரம் மெல்லிய தீ கேட்டது. நகத்தால் கீறினால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், உள்ளே மணி முழுக்க வெந்துவிடக் கூடாது. அடுப்பை அணைத்து மூடி, காலை வரைக்கும் விட்டுவிட வேண்டும்.

காலையில் அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். "கோழிக்குப் போடுததப் போயி சுண்ணாம்பு போட்டு அவிச்சு வச்சிருக்கே, ஒனக்கு என்னல கிறுக்கா?" சமாதானம் சொல்லிப் பயனில்லை. கழுவ மட்டும் உட்கார்ந்துவிட்டார். தோல் கொழகொழவென்று கையோடு வரும். மூன்று நான்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

அரைப்பதில்தான் வித்தை. கிரைண்டர் தண்ணீர் விடாமல் ஓடாது, தண்ணீர் விட்டால் தோசைமாவு. மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்தால் ரவை. கடைசியில் அம்மிதான். மெக்சிகோவிலும் மெட்டாட்டே என்ற சாய்வான கல்லில், இரண்டு கையாலும் பிடிக்கும் குழவியால்தான் காலங்காலமாக அரைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு மூன்று கால் உண்டு, நம் அம்மிக்கு இல்லை. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தால் மாவு நன்றாக வருகிறது, இடுப்பும் கூடவே வருகிறது. ஆறு பேருக்கு அரைக்கிறவர்கள் இன்னொரு வழி பார்க்கலாம்: கிரைண்டரில் குறைந்த தண்ணீரில் அரைத்து, அந்தத் தளர்ந்த மாவில் காய்ந்த மக்காச்சோள மாவைச் சேர்த்து இறுக்குவது. மணம் கொஞ்சம் குறையும். இடுப்பு மிஞ்சும்.

உருண்டை பிடித்து அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் அதிகம். தட்டுவதற்குப் பூரி பிரஸ் போதும், டவுனில் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. மேலும் கீழும் பால் கவரை வெட்டிப் போடுங்கள். பால் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டிலும் பால் கவருக்குக் குறைவில்லை, காப்பி குடிக்கிறவர்கள் நாங்கள் இருக்கிறோமே.

கல் நன்றாகக் காய வேண்டும், எண்ணெய் கூடாது. போட்டதும் விளிம்பு கல்லை விடும்போது புரட்டி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி புரட்டினால் உப்பும். உப்பினால் ஜெயித்தீர்கள். எடுத்ததைத் துணியில் சுற்றி ஹாட் பாக்ஸில் பத்து நிமிடம் அடுக்கி வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ரொட்டி விறைக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள். அந்த ஆவியில்தான் ரொட்டி துவள்கிறது.

பிப்ரவரி 17

வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டியில்தான் டாக்கோ, சொனோரா மாநிலத்தைப் பாருங்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். உண்மைதான். ஸ்பானியர்கள் கோதுமை கொண்டுபோன பிறகு அங்கே அது வேரூன்றிவிட்டது. ஆனால் அது மைதாவில் கொழுப்புச் சேர்த்துப் பிசைந்த ரொட்டி, பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு. நம் முழுக்கோதுமைச் சப்பாத்தியைவிடப் பரோட்டாக் கடை மாவுக்குத்தான் அது நெருக்கம். ஆகவே சப்பாத்திக்காரர்களுக்கு இந்த வழக்கில் ஆதாயம் எதுவும் இல்லை. அவசரத்துக்கு மெல்லிய மைதா ரொட்டியில் சுற்றிக்கொள்ளுங்கள், நான் போலீசுக்குப் போக மாட்டேன்.

பிப்ரவரி 18

கடையில் கார்ன் ஃப்ளோர் வாங்கிப் பிசைந்தேன், பசையாகிவிட்டது என்று ஒருவர். அது சூப்பைக் கெட்டியாக்கும் ஸ்டார்ச். ரொட்டிக்கு மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கொழுக்கட்டைக்குப் போலக் கிளறி, கால் பங்கு மைதா சேர்த்துப் பிசைந்தால் ஒருவாறு மடியும். சுண்ணாம்பு மணம் வராது.

பிப்ரவரி 22

சட்னி விஷயம். சால்சா என்று பெரிய பெயர். தக்காளி, பல்லாரி (பெரிய வெங்காயம்), பச்சை மிளகாய், தோல் உரிக்காத பூண்டு நான்கையும் எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் கறுக்கச் சுட்டு, உப்போடு அம்மியில் நசுக்கினால் முடிந்தது. மேலே கொத்தமல்லி, எலுமிச்சை. மல்லியும் எலுமிச்சையும் மெக்சிகோக்காரர்களுக்குக் கப்பலில் போனவை, தக்காளியும் மிளகாயும் நமக்குக் கப்பலில் வந்தவை.

பச்சை சால்சாவுக்கு அங்கே டொமாட்டிலோ என்ற காய். காகிதக் கூடு மூடியிருக்கும். பார்த்ததும் எனக்குச் சொடக்குத் தக்காளி ஞாபகம் வந்தது. வாய்க்கால் வரப்பில் பறித்து நெற்றியில் அடித்து வெடிப்போமே, அதுதான். இரண்டும் ஒரே பேரினம். ஆனால் சொடக்குத் தக்காளியைப் பழுத்த பிறகுதான் தின்ன வேண்டும், பச்சைக் காய் ஆகாது. அதனால் அதில் பச்சை சால்சா கிடையாது. நான் கிளிமூக்கு மாங்காயைச் சுட்டு, பச்சை மிளகாயோடு அரைக்கிறேன். மாசி பிறந்தால் மகாராஜ நகர் உழவர் சந்தையில் மாங்காய் தலைகாட்டிவிடும்.

இன்னொன்று. வெராக்ரூஸ் பக்கத்தில் சால்சா மாச்சா என்று ஒன்று உண்டு: வத்தல் மிளகாய், வேர்க்கடலை, எள், பூண்டு, எண்ணெய். படித்ததும் எழுந்துபோய் எள்ளு மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்தேன். பொடித்த வேர்க்கடலை கொஞ்சம் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அதன் மேல் ஊற்றினால், டோஃபுவுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. பெருங்காயம் போடாத பொடியாக இருக்கட்டும்.

புகைவாசனை கேட்கிறவர்களுக்கு: அங்கே பழுத்த ஹலப்பேன்யோ மிளகாயைப் புகைபோட்டுக் காயவைத்துச் சிபோட்லே செய்கிறார்கள். நமக்குச் சிரட்டைக் கனல் போதும். வதக்கிய டோஃபு நடுவில் ஒரு கிண்ணத்தில் கனலை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். ஆரெகனோ என்ற வாசனை இலைக்குப் பதிலாகக் கற்பூரவல்லி இலை ஒன்று, பொடியாக நறுக்கி. ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் சளிக்கசாயம்.

பிப்ரவரி 23

டாக்கோ மேல் விடும் புளித்த கிரீமுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேள்வி. சொதிக்குப் பிழிகிற தேங்காய்த் தலைப்பால்தான். தண்ணீர் விடாமல் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்தால் மேலே கெட்டியாகத் திரளும்; அதை வழித்து உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அடித்துக்கொள்வது. மாப்பிள்ளைச் சொதிக்கு எடுத்து வைத்த பாலில் கை வைத்தால் வீட்டில் பிரளயம் வரும் என்பதால் தனித் தேங்காய் உடைக்கவும்.

மார்ச் 2

அப்பளத்தில் டாக்கோ போடலாமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி. கல்லிடைக்குறிச்சி அப்பளம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறவருக்கு இந்த யோசனை வராமலிருந்தால்தான் அதிசயம். போடலாம். எண்ணெயிலிருந்து எடுத்த கணமே இடுக்கியால் மடிக்க வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தால் உடையும். ஈரமான எதையும் வைத்தால் நமத்துப்போகும். அதனால் முறுகிய டோஃபு, பல்லாரி, எள்ளுப்பொடி மட்டும் வைத்துக் கையில் வாங்கியதும் வாயில் போட வேண்டும். அப்பளத்தில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, டோஃபுவில் குறைக்கவும். அந்த முறுகிய வளைந்த கூடு மெக்சிகோவைவிட அமெரிக்கத் துரித உணவுக் கடைகளால் பிரபலமானதுதான், எனவே சம்பிரதாயக் குற்றம் எதுவும் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இதைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். சுண்ணாம்பும் அம்மியும் இரண்டாமிடம். இந்த வீட்டில் நீதி கிடையாது.

மார்ச் 5

வீட்டிலேயே டோஃபு செய்வது லாபமா? பணத்தில் லாபம், நேரத்தில் நஷ்டம். கால் கிலோ சோயா பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் பச்சைப் பயறு வாடை கிளம்பும். சூட்டில் அரைத்தால் அந்த வாடையை உண்டாக்கும் நொதி அடங்கிவிடும். மிக்ஸி ஜார் கண்ணாடியாக இருந்தால் கவனம். துணியில் பிழிந்த பாலைப் பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். பொங்கிப் பொங்கி வரும், பக்கத்திலேயே நில்லுங்கள். சரியாக வேகாத சோயாப் பால் வயிற்றுக்கு ஆகாது. இறக்கிக் கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெதுவாக ஊற்றினால் திரியும். கடை டோஃபு அளவுக்கு வழவழப்பு வராது, லேசான புளிப்போடு உதிர்கிற மாதிரி வரும். டாக்கோவுக்கு நமக்கு வேண்டியதும் அதுதானே.

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். கடலைப் பருப்பில் பாதியும் சக்கையில் பாதியும் எடுத்து, வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை போட்டு ஆமவடை தட்டுங்கள். நன்றாக உள்வரைக்கும் வேகட்டும். அம்மா இந்த வடையை மட்டும் மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

மார்ச் 9

மெக்சிகோவில் கள்ளிச் செடியை டாக்கோவில் வைக்கிறார்களாமே, வள்ளியூர்ப் பக்கம் சப்பாத்திக்கள்ளி காடாகக் கிடக்கிறதே என்று யாரோ நகைத்திருக்கிறார். நகைக்க வேண்டாம், நொபால் என்று அவர்கள் தின்பதும் அதே பேரினம்தான். ஆனால் அவர்கள் வளர்ப்பது முள் குறைந்த ரகம். நம்முடையது மயிர்போன்ற பொடி முள்ளோடு இருக்கும், நாக்கில் குத்தினால் எடுக்கவே முடியாது. பழத்தைத் தரையில் தேய்த்துத் தின்ற வயதில் எனக்கு அந்த முள்ளோடு போதுமான பழக்கம் ஆகிவிட்டது.

கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்ட காலத்துச் சரக்கு. பிற்பாடு அது பரவி நிலத்தையெல்லாம் அடைத்தபோது, அதைத் தின்னும் வேறொரு சாயப்பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பெரும் பரப்பு அழிந்தது. இன்றைக்கு வேலியோரம் நிற்பது மிச்சம். இருக்கட்டும், டாக்கோவில் வேண்டாம்.

மார்ச் 15

கோவில்பட்டி அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். டோஃபுவை உதிர்த்து முறுகவிட்டிருக்கிறார், மக்காச்சோள மாவில் கொஞ்சம் மைதா கலந்து ரொட்டி தட்டியிருக்கிறார். பிள்ளைகள் தின்றார்கள். ஆனாலும் பன்னீர்தான் மேல் என்று பிடிவாதம்.

யோசித்துப் பார்த்ததில், பால் சேர்கிற வீட்டில் அவர் பிடிவாதத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. மெக்சிகோவில் டாக்கோ மேல் தூவும் கேசோ ஃப்ரெஸ்கோ என்ற பச்சைச் சீஸ் நம் பன்னீருக்குப் பங்காளிதான். ஆகவே பன்னீரை மேலே உதிர்த்துத் தூவலாம். உள்ளே நிரப்புவதற்கு மட்டும் டோஃபுதான் என் கட்சி, ஏனென்றால் பன்னீருக்குத் தானே ஒரு ருசி இருக்கிறது, குண்டு வத்தலோடு அது ஒத்துப்போகாமல் பால்வாசனையோடு நிற்கும். டோஃபுவுக்குச் சொந்தக் கருத்து எதுவும் கிடையாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரத்துக் குண்டு வத்தலுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

மார்ச் 16

அக்கா கேட்ட கடைசிக் கேள்விக்கு: விதைக்கு வாங்கி மிஞ்சிய மக்காச்சோளத்தை அவிக்கலாமா? கூடவே கூடாது. விதை மணியில் பூஞ்சைக்கொல்லியும் பூச்சி மருந்தும் பூசியிருப்பார்கள், சிவப்பு நிறம் ஏற்றியிருப்பது அதற்கு அடையாளம். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. களத்திலிருந்து வந்த மணியாகவே இருந்தாலும், பூசணம் பிடித்தது, கறுத்தது, நமத்த வாடை அடிப்பது எதுவும் வேண்டாம். பூசண நஞ்சு வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. முறத்தில் போட்டுப் புடைத்து, கெட்டதைப் பொறுக்கிவிட்டு, நல்ல வெயிலில் காய்ந்த மணியாக எடுங்கள். அரைக் கிலோ வேண்டுமானால் மச்சானிடம் சொல்லி வைக்கிறேன். சாக்கில் பாதி இன்னும் எங்கள் வீட்டு மச்சுப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது, எலி வருவதற்குள் ஆளனுப்புங்கள்.